தங்கியும் "வரவில்லை" ஆன கதை: ஹோட்டல் புக்கிங் ரிவார்டை வாங்கிய அனுபவம்

ஹோட்டல் புக்கிங் தளம் வழியாக அறை எடுத்துத் தங்கினால், அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளத் தளம் தரும் ரிவார்டு தொகை ஒருவழியாக நேற்று என் கணக்கில் ஏறிவிட்டது. ஏறிய தொகையைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு மல்லுக்கட்டினோம் என்று இருக்கிறது. இருந்தாலும் விடாமல் வாங்கியதில் ஒரு திருப்தி. தளத்தின் பெயர் வேண்டாம், இப்படி ரிவார்டு தரும் பல தளங்களிலும் ஏறக்குறைய இதே விதிகள்தான்.

புக் செய்தது, தங்கியது, பில் கட்டியது எதிலும் சிக்கல் இல்லை. ஹோட்டலிலேயே பணம் கட்டும் வகை புக்கிங். செக்-அவுட் ஆனபின் ரிவார்டு கொஞ்ச நாள் "நிலுவையில்" என்று காட்டிவிட்டு அப்புறம் கணக்கில் சேர வேண்டும். எனக்கு அந்த நிலுவை வரியே காணாமல் போனது. புக்கிங்கைத் திறந்து பார்த்தால், "விருந்தினர் வரவில்லை". அறையில் தூங்கி எழுந்து, காலை உணவும் சாப்பிட்டு, முழுப் பணமும் கட்டிவிட்டு வந்தவன் வரவே இல்லையாம்!

சாட்டில் முதலில் வந்தது தானியங்கி. "தங்கல் முடிந்தபின் ரிவார்டு சேரும்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. அதைத் தாண்டி ஒரு மனிதரைப் பிடித்தால், அவர் நிறைய மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹோட்டலைக் கேட்கச் சொன்னார். ஹோட்டல் ரிசப்ஷனில், "அது தளத்துக்காரர்கள் பார்க்க வேண்டியது சார்" என்றார்கள்.

நடந்தது இதுதான். நான் போய்ச் சேர்ந்தது நள்ளிரவுக்கு மேல். ஹோட்டல்களில் இரவு அன்றைய கணக்கை முடிக்கும்போது, அதுவரை வராதவர்களை நோ-ஷோ என்று போட்டுவிடுவது வழக்கம். பிறகு ஆள் வந்து நின்றால் தங்கள் கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள், தளத்தில் திருத்துவதில்லை. மறதி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆள் தங்கினால்தான் ஹோட்டல் தளத்துக்குக் கமிஷன் தர வேண்டும், அது பெரும்பாலும் 15 சதவீதத்துக்குக் குறையாது. நோ-ஷோ என்றால் அந்தக் காசு மிச்சம். இந்த மறதியால் ஹோட்டலுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

தளத்துக்காரர்கள், நான் தங்கியதற்கு ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள். என்ன ஆதாரம் என்று சொல்லவில்லை. கார்டு ரசீதை அனுப்பினேன், செல்லாது என்று பதில். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது: புக்கிங்கில் உள்ள அதே பெயர், வந்த தேதி, கிளம்பிய தேதி, அறை எண், கட்டிய தொகை எல்லாம் ஒரே தாளில் இருக்கும் ஹோட்டல் பில் வேண்டும். ரிசப்ஷனில் கேட்டு நடக்காமல், கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டதும் மறுநாளே வந்துவிட்டது. இன்னொன்று, பதில் தாமதமாகிறது என்று புதுப் புகார் திறக்காதீர்கள். வரிசையில் மறுபடி கடைசிக்குப் போய்விடுவீர்கள். பழைய புகார் எண்ணிலேயே தொடருங்கள், ஒவ்வொரு சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சரி, வந்த காசைச் செலவழிக்கலாம் என்று போனால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. உடனே பணம் கட்டும் அறைகளுக்கு மட்டும்தான் செல்லும். கூப்பன் போட்டால் ரிவார்டு போடும் இடமே மறைந்துவிடுகிறது. கடைசிப் பக்கம் வரை போன பிறகுதான் இதெல்லாம் தெரிகிறது.

அங்கே உட்கார்ந்துதான் கணக்குப் போட்டேன். ஹோட்டல்ஸ்.காமின் பழைய திட்டம் நினைவிருக்கும்: 10 இரவு தங்கினால், அந்த 10 இரவுகளின் சராசரி விலைக்கு ஓர் இரவு இலவசம். வரி தனி, குறைந்த விலை அறை எடுத்தால் மீதி போச்சு. அப்படியும் ஏறக்குறைய 10 சதவீதம் தேறியது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் அதற்குப் பதிலாக வந்த ஒன் கீ திட்டத்தில் ஹோட்டலுக்குக் கிடைப்பது 2 சதவீதம். வரி நீங்கலாக 1000 செலவழித்தால் முன்பு 100, இப்போது 20. அதே அறையை ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உறுப்பினர் விலைக்குப் பார்த்தால், பல சமயம் இந்த 20-ஐவிட அதிகமாக அங்கேயே குறைந்துவிடுகிறது. மேரியட், ஹில்டன், ஹயாட் போன்ற சங்கிலி ஹோட்டல்களில் வெளித்தளம் வழியாகப் போனால் பொதுவாக அறை வாடகைக்கு அவர்களுடைய புள்ளிகளும் கிடைக்காது, அடிக்கடி தங்குபவர்களுக்குத் தரும் உயர்நிலை உறுப்பினர் தகுதிக்கான இரவுக் கணக்கிலும் சேராது. அந்த இழப்பை எந்தத் தளமும் திரையில் காட்டாது.

புக்கிங்.காமின் ஜீனியஸ் என்ற உறுப்பினர் திட்டம் வேறு மாதிரி. இரண்டு வருடத்துக்குள் 5 தங்கல் முடித்தால் இரண்டாம் நிலை, 15 முடித்தால் மூன்றாம் நிலை, கிடைக்கும் தள்ளுபடி அறை விலையிலேயே கழிந்துவிடும். நிலுவை, காலாவதி, பில் அனுப்பு என்ற கூத்து இல்லை. எனக்கு இதுதான் மேல். ஆனால் "20 சதவீதம் தள்ளுபடி" என்ற பச்சை எழுத்தை நம்பாமல், வரியோடு வரும் கடைசித் தொகையை ஹோட்டல் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் ரிவார்டை, சொந்தமாகப் புள்ளித் திட்டம் எதுவும் இல்லாத ஒரு சின்ன ஹோட்டலுக்குப் போட்டுவிட்டேன். அங்கே இழக்க எதுவும் இல்லை. இந்த முறையும் நள்ளிரவுக்கு மேல்தான் போய்ச் சேருவேன் என்பதால், தளத்தின் மெசேஜ் வழியாகவே "தாமதமாக வருவேன், நோ-ஷோ போட வேண்டாம்" என்று அனுப்பினேன். "சரி" என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று.