எந்த எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைப் பொருத்துவது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் திருமண வீடியோ எடிட்டிங் செய்யும் நண்பர் ஒருவர், கோவை காந்திபுரத்தில் 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் நேராகச் செருகும் வேகமான சேமிப்பு டிரைவ்) ஒன்றை வாங்கி வந்து, "அண்ணா, இதை மேல் ஸ்லாட்டில் போடவா, கீழ் ஸ்லாட்டில் போடவா?" என்று கேட்டார். அவருடைய கணினியில் ரைசன் 5 5600 பிராசஸரும், பி550 சிப்செட் (பிராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையே இணைப்பாக இருக்கும் துணைச் சில்லு) கொண்ட மதர்போர்டும் உள்ளன. மேல் ஸ்லாட்டில் ஏற்கெனவே விண்டோஸ் நிறுவப்பட்ட பழைய 1 டிபி எஸ்எஸ்டி இருக்கிறது. அது பிசிஐஇ 3.0 வகை, புதியது 4.0 வகை. பிசிஐஇ என்பது இத்தகைய பாகங்கள் தரவு பரிமாறும் இணைப்பு முறை; 3.0ஐப்போல் 4.0 இரு மடங்கு வேகம். விண்டோஸ் உள்ள டிரைவ் எப்போதும் முதல் ஸ்லாட்டில்தான் இருக்க வேண்டும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பலரும் நம்பும் விதிதான் இது. ஆனால் இவருடைய கணினிக்குப் பழைய டிரைவைக் கீழே இறக்கிவிட்டுப் புதியதை மேலே பொருத்துவதே சரி என்பது என் கருத்து.

மதர்போர்டில் எம்.2 ஸ்லாட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அவை சென்று சேரும் இடம் வேறு. ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 5 5600 போன்ற பிராசஸரிலிருந்து 24 பிசிஐஇ பாதைகள் வெளிவருகின்றன. அவற்றில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கும், 4 முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும், மீதமுள்ள 4 சிப்செட்டுக்கும் போகின்றன. ஆகவே மேல் ஸ்லாட்டில் இருக்கும் எஸ்எஸ்டி பிராசஸருடன் நேரடியாகப் பேசுகிறது. கீழ் ஸ்லாட்டோ சிப்செட்டிலிருந்து வருவது. அந்த சிப்செட்டில்தான் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டுகள், பெரும்பாலான யுஎஸ்பி போர்ட்டுகள், நெட்வொர்க் ஆகிய அனைத்தும் தொங்குகின்றன. சுற்று வட்டார ஊர்களிலிருந்து கிளம்பும் வண்டிகளெல்லாம் வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் ஒன்றாகச் சேர்ந்து கோவைக்குப் போவதைப் போல, இவை அனைத்தின் தரவும் அந்த நான்கு பாதைகள் வழியாகவே பிராசஸரை அடைகிறது.

பி550 சிப்செட்டில் அந்த இணைப்பு பிசிஐஇ 3.0 அளவிலானது, நான்கு பாதைகளும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 4 ஜிபி கடத்தும். 2019இல் வந்த எக்ஸ்570 என்ற சிப்செட்டில் இந்தப் பக்கமும் 4.0 தான், அதாவது இதைப்போல் இரு மடங்கு. அதற்கு மாறாக, பழைய பி450 போர்டுகளில் சிப்செட் தரும் பாதைகள் வெறும் 2.0 என்பதால், அங்கே சிப்செட் வழி வரும் ஸ்லாட்டில் ஒரு நல்ல எஸ்எஸ்டியைப் போடுவது அதன் வேகத்தில் ஏறத்தாழ பாதியை இழப்பதாகும். எனவே 'முதல் ஸ்லாட், இரண்டாம் ஸ்லாட்' என்ற பொது விதியைப் பேசுவதற்கு முன், எந்த சிப்செட் என்று கேட்க வேண்டும்.

நண்பரின் பழைய டிரைவ் 3.0 வகை. அதன் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 3.5 ஜிபி, அது கீழ் ஸ்லாட்டின் 3.0 பாதைகளுக்குள் அடங்கிவிடுகிறது. புதிய 4.0 டிரைவைக் கீழே போட்டால் அதன் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். விண்டோஸ் தொடங்குவதும் நிரல்கள் திறப்பதும் பெரும்பாலும் சிறு சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகப் படிக்கும் வேலைதான். அந்த வேலையில் எந்த எஸ்எஸ்டியும் தன் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தின் அருகில்கூட வருவதில்லை. சிப்செட் வழியே சுற்றி வருவதால் கூடும் தாமதமோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. விண்டோஸைக் கீழே இறக்கினால் கணினி மந்தமாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

அதே நேர்மையுடன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திருமண வீடியோவுக்கு 4.0 வேகம் முழுவதும் தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் 4கே காட்சி, 12.5 எம்பி தரவு மட்டுமே; நான்கு கேமராக்களை ஒன்றாக ஓட்டினாலும் நொடிக்கு 50 எம்பி. இதைச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே சுமந்துவிடும். சுருக்கப்படாத 4கே காட்சிச் சட்டங்களைத் தற்காலிகக் கோப்புகளாக எழுதிப் படிக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது: ஒரு சட்டம் 33 எம்பி, நொடிக்கு 25 சட்டங்கள் என்றால் 800 எம்பிக்கு மேல், அதுவும் ஓர் அடுக்குக்கு மட்டும். நண்பர் டைட்டில் கிராபிக்ஸ் வேலையும் செய்கிறார் என்பதால், புதிய டிரைவுக்கு மேல் ஸ்லாட்டைக் கொடுப்பதில் பொருள் இருக்கிறது. வேகக் கணக்கு மேல் ஸ்லாட்டின் பக்கம் சாய்கிறது, கொஞ்சம்தான் சாய்கிறது.

பிராசஸரையும் கவனிக்காமல் விட முடியாது. ரைசன் 5 5600 பிசிஐஇ 4.0 தருகிறது. பெயரில் அதற்கு மிக அருகில் இருக்கும் 5500, 5600ஜி ஆகிய இரண்டும் 3.0 மட்டுமே தருகின்றன. அவற்றைப் பொருத்திய பி550 போர்டில் மேல் ஸ்லாட்டும் 3.0 ஆகவே ஓடும், மேலா கீழா என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். இன்டெலில் இன்னொரு பொறி உண்டு. 10ஆம் தலைமுறை கோர் பிராசஸர்கள் எம்.2 ஸ்லாட்டுக்கென்று பாதை எதையும் ஒதுக்குவதில்லை. 11ஆம் தலைமுறையில்தான் அது வந்தது. 500 வரிசை மதர்போர்டில் 10ஆம் தலைமுறை பிராசஸரைப் போட்டவர், பிராசஸருடன் இணைந்த முதல் ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகிவிட்டு, டிரைவ் பழுது என்று கடைக்குத் திரும்ப எடுத்துச் செல்வது இப்படித்தான் நிகழ்கிறது.

அடுத்தது சாட்டா பங்கீடு. பல பி550 போர்டுகளில் இரண்டாம் எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் அமர்ந்ததும் 5, 6 எண் சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். பாதைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் தயாரிப்பாளர்கள் ஒன்றையே இரண்டு இடங்களுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். நண்பர் பழைய திருமணங்களையெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேமித்து வைத்திருக்கிறார். அவற்றின் கேபிள்களை முதலிரண்டு போர்ட்டுகளுக்கு மாற்றும்படி முன்கூட்டியே சொன்னேன். எந்தப் போர்ட் எதனுடன் பங்கிடப்படுகிறது என்பது போர்டுக்குப் போர்டு வேறுபடும். மதர்போர்டுடன் வரும் கையேட்டில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கும். அந்தக் கையேட்டில் தவறாமல் படிக்க வேண்டிய பக்கம் அது ஒன்றே. எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகை எஸ்எஸ்டிகளும் விற்கப்படுகின்றன என்பதும், சில ஸ்லாட்டுகள் அவற்றை அடையாளமே காணாது என்பதும் அதே அட்டவணையில் தெரிந்துவிடும்.

இனி வெப்பம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. ஏசி இல்லாத அறையில் மதியம் உட்கார்ந்தால், கேபினெட்டுக்குள் நுழையும் காற்றே 36, 37 டிகிரியில் இருக்கும். சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கும் இயங்குவெப்ப வரம்பு 70 டிகிரி என்றே குறிப்பிடப்படுகிறது. சுமை கூடி வெப்பம் எல்லையைத் தாண்டும்போது எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்ப்பிரதேசத்து ஆய்வுக்கூடத்தில் அளந்த வேகம் இந்த ஊர் மதியத்தில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

மேல் ஸ்லாட் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பதால், கார்டின் முதுகுச் சூடு அதன்மேல் ஏறும். இருந்தாலும் பெரும்பாலான போர்டுகளில் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடு) கொடுக்கப்படுவது அந்த ஸ்லாட்டுக்குத்தான். நண்பரின் போர்டும் அப்படியே. 5600உடன் பெட்டியில் வரும் கூலர் காற்றைக் கீழ்நோக்கி வீசி நாலாபுறமும் பரப்புவதால், அந்தக் காற்றில் ஒரு பங்கு எஸ்எஸ்டிக்கும் கிடைக்கிறது. லிக்விட் கூலர் வைத்திருந்தால் அந்த உதவி இருக்காது. அப்போது என் பதில் மாறியிருக்கலாம். கீழ் ஸ்லாட் பல சிறிய போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளுக்கு நேர் கீழே, ஹீட்சிங்க் ஏதுமின்றி இருக்கும். சூடு குறைவான 3.0 டிரைவ் அங்கே பிழைத்துக்கொள்ளும், 4.0 டிரைவுக்கு அது நல்ல இடமல்ல. தனியாக ஹீட்சிங்க் வாங்கிப் போட நினைப்பவர், அதன் உயரம் கார்டுக்கு அடியில் இடிக்காதா என்று அளந்து பார்ப்பது நல்லது. கிழக்குக் காற்றில் வரும் புழுதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முன்பக்க வடிகட்டியை அவ்வப்போது தட்டிக் கழுவினாலே சில டிகிரி குறையும்.

பொருத்தும் வேலை சிறியது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டால் ஸ்லாட்டுகளுக்குக் கை எளிதாக நுழையும். டிரைவைச் சாய்வாகச் செருகி, மெதுவாக அழுத்திப் படுக்கவைத்து, சிறிய திருகை முடுக்க வேண்டும். ஹீட்சிங்க்கின் அடியிலுள்ள வெப்பப் பட்டையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மூடினால் ஹீட்சிங்க் இருந்தும் பயனில்லை. விண்டோஸ் உள்ள டிரைவை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பொதுவாக அது அப்படியே தொடங்கும். தொடங்காவிட்டால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) பூட் வரிசையைத் திருத்தினால் போதும். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் மட்டும், டிரைவைக் கழற்றுவதற்கு முன்பே அதன் மீட்புச் சாவியை எடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், பரிமாற்ற முறை என்ற வரியில் இப்போது ஓடும் வேகமும் டிரைவால் இயன்ற வேகமும் அருகருகே தெரியும். புதிய டிரைவுக்கு இரண்டிலும் பிசிஐஇ 4.0 எக்ஸ்4 என்றும், பழையதற்கு 3.0 எக்ஸ்4 என்றும் இருக்க வேண்டும். நண்பரின் கணினியில் அப்படியே இருந்தது. ஒரு முழு திருமண வீடியோவை மதிய வேளையில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அதே திரையில் வெப்பநிலையைக் கவனித்து, 70ஐ நெருங்கினால் கேபினெட்டின் முன்பக்கத்தில் இன்னொரு விசிறி சேர்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.