நான்கு வருடக் கணக்கு

3 செப்டம்பர் 2023, ஞாயிறு

கே99/ஆர்00 என்ற ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்துக்கு இன்று உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.-இல் பல், வாய், முகம் பற்றிய ஆய்வுகளைக் கவனிக்கும் பிரிவு என்.ஐ.டி.சி.ஆர். அங்கேதான் போகப்போகிறது. அக்டோபர் 12 கடைசி நாள். கிடைத்தால் முதலில் அதிகபட்சம் இரண்டு வருடம் வழிகாட்டியின் ஆய்வகத்திலேயே இருக்கலாம். உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டால், அடுத்த மூன்று வருடம் வரை சொந்த ஆய்வகத்துக்குப் பணம் வரும்.

என்னை விரட்டுவது விதிமுறையில் உள்ள ஒரே வரி. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது. நான் போஸ்ட்டாக் சேர்ந்தது 2020 அக்டோபரில். கிட்டத்தட்ட மூன்று வருடம் போய்விட்டது. ஆய்வே இல்லாமல் நோயாளிகளை மட்டும் பார்த்த பயிற்சிக் காலத்தை இதில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் கிளினிக், மீதி நாள் ஆய்வகம் என்று இருக்கும் என் போன்ற பல் மருத்துவர்களுக்குக் கிளினிக் நாளும் சேர்ந்தேதான் கழிகிறது.

19 செப்டம்பர், செவ்வாய்

கிளினிக் நாள். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து முடித்தவர் ஒருவர் வந்திருந்தார். தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. கன்னத்தை விலக்கிப் பார்க்கச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டேன். கன்னத்தின் உட்தோலில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோலும் கூடவே வருகிறது. கண்ணாடியை நனைத்து மெதுவாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. ஈறு ஓரமாகப் பற்களின் கழுத்தைச் சுற்றிப் பழுப்பாகச் சொத்தை. கதிர்வீச்சுக்கு முன்னால் எடுத்த படத்தில் அந்தப் பற்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன.

கதிர்வீச்சு புற்றைக் கொல்லும்போது, வழியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் நீர் சுரக்கும் செல்களையும் அழித்துவிடுகிறது. நீரைக் கொண்டுபோகும் குழாய்ச் செல்கள் ஓரளவு பிழைத்துக்கொள்கின்றன. என்.ஐ.டி.சி.ஆர்.-இல் புரூஸ் பாம் என்ற பல் மருத்துவ ஆய்வாளரின் குழு அந்தக் குழாய்ச் செல்களைத்தான் நம்பியது. அக்வாபோரின்-1 என்ற, தண்ணீருக்கு வழிவிடும் புரதத்தின் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி, காதோரச் சுரப்பிக்குள் செலுத்தினார்கள். 11 பேருக்குச் செய்து பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு உமிழ்நீர் கூடியது. என் வேலை அதற்கு அடுத்த கேள்வி: பிழைத்த குழாய்ச் செல்கள் தாமாகவே சுரக்கும் செல்களாக மாற நரம்பிலிருந்து என்ன சமிக்ஞை போக வேண்டும்?

விண்ணப்பத்தில் ஆய்வின் நோக்கத்தைச் சொல்லும் பக்கத்தை இரவில் முதலிலிருந்து எழுதினேன். அந்த நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு முதல் பத்தி தடையில்லாமல் வந்தது.

28 செப்டம்பர், வியாழன்

பணக் கணக்கு. சொந்த ஆய்வகத்துக்கான ஆர்00 கட்டத்தில் வருடத்துக்கு 2,49,000 டாலர் வரை. பெரிய தொகை போலத்தான் தெரியும். ஆனால் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று பல்கலைக்கழகம் எடுக்கும் மேல்செலவும் இதற்குள்தான் வருகிறது. அது 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் என் கைக்கு மிஞ்சுவது சுமார் 1,66,000. அதில் ஒரு உதவியாளர் சம்பளம், எலிக்கூண்டு வாடகை, ஆன்டிபாடி, என் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாம் அடங்க வேண்டும்.

பெத்தெஸ்டாவில் இருக்கும் அக்காவிடம் பேசினேன். அவர் என்.ஐ.எச். வளாகத்துக்குள்ளேயே வேலை பார்க்கிறவர். உள்ளே இருந்து வெளிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பல் மருத்துவ ஆய்வாளர்களுக்கென்றே கே22 என்று தனியாக ஒன்று உண்டு, அதற்குப் போடுகிறார். அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். கே99க்கு அந்த நிபந்தனை இல்லை. விசாவில் இருக்கும் எனக்குத் திறந்திருக்கும் கதவு இதுதான். பல் படிப்புக் கடனுக்கு என்.ஐ.எச்.-இன் கடன் அடைப்புத் திட்டம் வருடத்துக்கு 50,000 டாலர் வரை கொடுக்கிறது. அக்கா அதிலும் இருக்கிறார். "அது இல்லாட்டி நான் எப்பவோ தனியா கிளினிக் போட்டிருப்பேன்டா" என்றார்.

12 அக்டோபர், வியாழன்

மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். மதியம் இரண்டுக்குப் போய்விட்டது.

5 மார்ச் 2024, செவ்வாய்

ஸ்கோர் 41. பத்து முதல் தொண்ணூறு வரை போகும் அளவில் குறைவாக இருப்பதே நல்லது. இது தேறாது. கிளினிக்குக்குப் போய் நான்கு பேரைப் பார்த்தேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வந்தன. அறிவியலைப் பற்றி நல்ல வார்த்தைகளே. இரண்டு இடத்தில் அடி. ஒன்று, இது வழிகாட்டியின் ஆய்வின் நீட்சி போல இருக்கிறது, இவர் தனியாக எதை எடுத்துக்கொண்டு போவார்? இரண்டாவது, நேரத்தில் 75 சதவீதம் ஆய்வுக்கு என்ற நிபந்தனையைத் துறை காப்பாற்றும் என்பதற்குக் கடிதத்தில் உறுதி இல்லை.

முதலாவது நியாயம். இரண்டாவதைப் படித்தபோதுதான் வலித்தது, அது உண்மை என்பதால். வாரத்தில் ஐந்து நாள். 75 சதவீதம் என்றால் மூன்றே முக்கால் நாள். மிச்சம் ஒன்றேகால் நாளுக்குள் நோயாளி, வகுப்பு, கூட்டம் எல்லாம். துறைத்தலைவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் "கிளினிக் பொறுப்புகள் தேவைக்கேற்ப" என்று இருந்தது. அந்தத் "தேவைக்கேற்ப" இரண்டு நாளாகும், பிறகு இரண்டரை ஆகும். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, கிளினிக் வருமானம் வேண்டும் என்ற அவர்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் பல் மருத்துவர்கள் ஆய்வை விட்டுப் போவது இப்படித்தான். யாரும் ஒரே நாளில் விட்டுவிடுவதில்லை. வாரத்துக்கு அரை நாள் என்று கரைந்து கரைந்துதான் போகிறது.

16 மே, வியாழன்

வழிகாட்டியிடம் நேராகக் கேட்டேன்: "நான் எதை எடுத்துக்கிட்டுப் போகலாம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நரம்புச் சமிக்ஞைப் பகுதி முழுக்க உன்னுடையது, இனி இந்த ஆய்வகத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்றார். அதை அப்படியே கடிதத்தில் எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் தந்தார், பெயர் போட்டு, எந்த எலி வகைகள் என்னோடு வரும் என்பது உட்பட.

துறைத்தலைவரிடம் மூன்று முறை போக வேண்டியிருந்தது. கடைசியில் "வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் கிளினிக் இல்லை" என்று எண் போட்டு வாங்கிவிட்டேன்.

12 ஜூலை, வெள்ளி

மறுவிண்ணப்பம் போனது. முதல் பக்கம் முழுக்க மதிப்பீட்டாளர்களுக்குப் பதில். மறுபடி போட ஒரே ஒரு முறைதான் அனுமதி. அடுத்த தேதி நவம்பர் 12, ஆனால் அக்டோபரோடு என் நான்கு வருடம் முடிகிறது. அதனால் இதுதான்.

7 நவம்பர், வியாழன்

ஸ்கோர் 22.

திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். அப்புறம் வழிகாட்டிக்குச் சொன்னேன், அக்காவுக்கு ஃபோன் போட்டேன். ஜனவரியில் ஆலோசனைக் குழு கூடி முடிவெடுக்கும் வரை பணம் உறுதியில்லை. ஆனாலும் திட்ட அதிகாரி விலங்கு ஆய்வு அனுமதிக் கடிதத்தைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

உதவிப் பேராசிரியர் வேலைக்கு இரண்டு இடங்களில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வக இடம், தொடக்கப் பணம், எலிக்கூடம் எல்லாம் கீழே இருக்கின்றன. முதல் வரியில் எழுதியிருப்பது: கிளினிக் எத்தனை நாள், அதைக் கடிதத்தில் போடுவீர்களா?