அப்பா கை வைத்துப் பார்த்த ரேடியேட்டர்

குழந்தை பிறந்ததற்காக அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியிலிருந்து ரெடிங் வந்திருந்தார்கள். 2022 டிசம்பர். இரண்டாவது வாரம் இங்கிலாந்தே உறைந்து கிடந்தது. ஹாலில் தெர்மோஸ்டாட் 20 டிகிரி காட்டுகிறது, மாடியில் குழந்தையின் அறை 15ஐத் தாண்டவில்லை. நான் செய்தது என்ன? தெர்மோஸ்டாட்டை 24க்கு ஏற்றினேன். ஹால் இட்லிச் சட்டியானது. மாடி அப்படியே இருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய் ரேடியேட்டரை, அதாவது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவரோர இரும்புப் பலகையை, தொட்டுப் பார்த்தார். மேலிருந்து கீழாக, மாட்டைத் தடவுவது போல.

"கீழ சுடுது, மேல ஜில்லுன்னு இருக்கு. காத்து அடைச்சிருக்குடா."

இந்த வீட்டுக்கு வரும்வரை ரேடியேட்டரைப் பார்த்தே இராதவர். ஆனால் வயலில் முப்பது வருடம் பம்புசெட் ஓட்டியவர். காற்று புகுந்துவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. சாணியைக் கரைத்து ஊற்றி அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கு இங்கேயும் சரிதான். பாய்லர் சூடாக்கிய தண்ணீரைப் பம்பு வீடு முழுக்கச் சுற்ற விடுகிறது. உள்ளே சேரும் காற்று ரேடியேட்டரின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறாது.

காற்றை வெளியேற்றச் சின்னப் பித்தளைச் சாவி ஒன்று கடையில் கிடைக்கிறது. வாங்கி வந்து ரேடியேட்டரின் மேல் மூலையில் இருந்த திருகில் வைத்துத் திருப்பினேன். ஹீட்டிங்கை நிறுத்தவில்லை, அதுதான் என் முதல் தப்பு. நிறுத்தி, ஆறவிட்டு, இடப்பக்கமாகக் கால் திருப்பு திருப்பினால் போதும். நான் முழுதாகச் சுற்றிவிட்டேன். உஸ்ஸென்று காற்று, அப்புறம் கொதிக்கக் கொதிக்கக் கறுப்புத் தண்ணீர். வீட்டுக்காரர் புதிதாகப் போட்டிருந்த வெள்ளைக் கார்ப்பெட்டில் மை கொட்டியது போல. அந்தக் கறுப்பு வேறெதுவுமில்லை, ரேடியேட்டர் இரும்பு உள்ளே துருப்பிடித்துக் கரைந்த பொடிதான்.

சூடு பிடித்த உற்சாகத்தில் மற்ற எட்டு ரேடியேட்டர்களையும் திறந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் பாய்லர் நின்றுவிட்டது. வெந்நீரும் இல்லை. கையில் ஒன்பது வாரக் குழந்தை, கைலிக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரோடு அப்பா, குரங்குக் குல்லாயோடு அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பாய்லரின் முகப்பில் தண்ணீரின் அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் காட்டும் வட்ட மீட்டர் ஒன்று உண்டு. முள் 0.4 பாரில் கிடந்தது. ஆறிய நிலையில் 1க்கும் 1.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். காற்றை வெளியே விட்டால் அழுத்தம் குறையத்தானே செய்யும்? குறைந்தால் பாய்லர் தானே நின்றுகொள்ளும். எங்களுடையது காம்பி பாய்லர், குழாய் வெந்நீருக்கும் ஹீட்டிங்குக்கும் அது ஒன்றேதான். அதற்கு மாடித் தொட்டி கிடையாது, குழாய்த் தண்ணீரை நாம்தான் உள்ளே விட வேண்டும். எங்கள் வீட்டில் பாய்லருக்கு அடியில் வெள்ளி நிறத்தில் பின்னிய குழாய் ஒன்று தொங்குகிறது. அதன் இரு முனை வால்வுகளையும் திறந்தால் முள் ஏறும். கவனம் இங்கேதான் வேண்டும்: தண்ணீர் சூடாகும்போது விரியும், அழுத்தம் இன்னும் கூடும். 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து சுவருக்கு வெளியே ஒழுகும். நான் 2.2 வரை ஏற்றிவிட்டேன். பிறகு சாவியை வைத்து ஒரு ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீரை வடித்து இறக்கினோம். இந்த முறை அப்பா வாளி பிடித்தார்.

'பாக்ஸ் ரூம்' என்று இங்கே சொல்லும் சின்ன அறையின் ரேடியேட்டர் மட்டும் அடியிலிருந்து நுனி வரை பச்சைத் தண்ணீராகவே நின்றது. காற்று இருந்தால் மேல்பாதிதான் ஆறியிருக்கும். இது முழுக்க ஆறிக் கிடந்ததால் வேறு கதை. ஓரத்தில் இருக்கும் எண் போட்ட குமிழைக் கழற்றினால் உள்ளே ஊசி மாதிரி ஒரு பின் தெரியும். அந்தப் பின் மேலே வந்தால்தான் தண்ணீர் நுழையும். கோடை முழுக்க மூடி வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுக்கக் கூடாது, பின் கையோடு வந்தால் அறை குளமாகும். லேசாக அழுத்தி, வால்வின் பக்கவாட்டில் தட்டினேன். ஏழெட்டு அழுத்தலில் மேலே துள்ளியது. இப்போது கோடையில் அந்தக் குமிழை முழுதாகத் திறந்தே வைக்கிறேன்.

ஹால் ரேடியேட்டரின் கீழ்நடுப் பகுதி ஆறிக் கிடந்தது, மேலே சூடு. அது காற்றில்லை, சேறு. அதற்கு ஆள் கூப்பிட்டேன். கழற்றித் தோட்டத்தில் வைத்து ஹோஸால் அடித்தபோது காபி டிகாஷன் போல ஊற்றியது. பாய்லர் மூடியைத் திறக்கும் வேலைக்கெல்லாம் கேஸ் சேஃப் என்ற, கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் வர வேண்டும், வந்தவுடன் அட்டையைப் பார்த்துவிடுங்கள். அதில் நான் கை வைப்பதே இல்லை.

அந்த உறைபனி வாரத்தில் இன்னொரு நாள் காலை பாய்லர் குடகுடவென்று சத்தம் போட்டு நின்றது. பாய்லரின் கழிவுநீர் போகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருந்தது. கெட்டிலைத் தூக்கிய என்னை அப்பா தடுத்தார். "கொதிக்கறதை ஊத்துனா வெடிச்சிரும்டா, வெதுவெதுன்னு கலந்து ஊத்து." நான்கு குவளையில் இளகியது.

அவர்கள் ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. போன வாரம் போனில் முதல் கேள்வி, "முள்ளு எங்க நிக்குது?"

"1.7ப்பா."

"ஹீட்டிங் ஓடும்போது பாத்தியா, ஆறினப்புறம் பாத்தியா?"

ஓடும்போதுதான் பார்த்திருந்தேன்.