பிளைத்பரோவின் வடக்குக் கதவு

அந்தக் கதவைப் பார்ப்பதற்காகவே போனேன். லண்டனிலிருந்து இப்ஸ்விச், அங்கே ரயில் மாறி ஹேல்ஸ்வர்த், பிறகு டாக்சி. சஃபோக் பகுதியில் பிளைத் ஆறு கடலை நெருங்கும் இடம் சேறும் நாணலுமாகப் பரந்து கிடக்கிறது. அதன் கரை மேட்டில் பிளைத்பரோ ஊரின் அந்தப் பெரிய தேவாலயம். ஊரில் உள்ள அத்தனை பேரும் உள்ளே போனாலும் பாதி காலியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

உள்ளே ஆள் இல்லை. வடக்குக் கதவின் பழைய மரத்தில் கருகிய தடங்கள், நீளவாக்கில். கறுப்பு நாயின் நகம் பட்ட இடம் என்கிறார்கள். விரலை வைத்துப் பார்த்தேன். தடத்தில் லேசான பள்ளம் இருந்தது.

நாயின் பெயர் பிளாக் ஷக். பிசாசைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. பங்கே ஊர்த் தேவாலயத்தில் வழிபாடு நடக்கும்போது இடியும் மின்னலுமாக வானம் இருண்டது. கறுப்பு நாய் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து, மண்டியிட்டிருந்த இருவரின் கழுத்தைத் திருகிக் கொன்றது. பிறகு இங்கே வந்தது. லண்டன்காரரான ஏபிரகாம் ஃபிளெமிங் அதே ஆண்டு எழுதிய சிறுநூல் இப்படித்தான் சொல்கிறது. பங்கேயில் இன்றும் காற்றுத்திசைகாட்டியின் மேல் அந்த நாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னை உலுக்கியது வேறொன்று. அதே நாளைப் பற்றி ஹாலின்ஷெட் என்பவரின் பெயரால் அக்காலத்தில் வந்த வரலாற்றுத் தொகுப்பில் ஒரு குறிப்பு உண்டு. அதில் நாயே இல்லை. மின்னல் இந்தப் பிளைத்பரோ தேவாலயத்தின் சுவரைத் துளைத்தது, கதவைப் பிளந்தது, கோபுரத்து மரங்களைக் கிழித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் தரையிலேயே கிடந்தார்கள். நாற்பது வயது தாண்டிய ஒருவரும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இறந்திருந்தார்கள். மற்றவர்கள் உடல் கருகியிருந்தது.

கதவுத் தடங்கள் மெழுகுவத்திச் சுடரால் வேண்டுமென்றே சுட்டவை, தீயதை விரட்ட அக்காலத்தில் அப்படிச் செய்வதுண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நகத்தைவிட அது என்னை அதிகம் தொடுகிறது: பயந்துபோன யாரோ ஒருவர், கையில் சுடரோடு, இதே கதவின் முன்னால் நின்றிருக்கிறார்.

கூரையில் மரத்தேவதைகள் சிறகு விரித்திருந்தார்கள். டாக்சி வரும்வரை கீழே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான் என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.