பெரியப்பா டாக்காவுக்குப் போகவே இல்லை

முதல் நாள் பதிவு சுத்தமாகத் தேறவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்து, "1971 போரைப் பத்திச் சொல்லுங்க பெரியப்பா" என்றேன். அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியதில் தொடங்கிப் பாடப் புத்தகம் போல ஒப்பித்தார். கால் மணி நேரப் பேச்சில் அவர் எங்குமே இல்லை. போதாக்குறைக்கு மின்விசிறிச் சத்தம் வேறு.

அடுத்த தடவை விசிறியை நிறுத்தினேன். கைப்பேசியை ஒரு துண்டின் மேல், அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். கேள்வி எதுவும் கேட்காமல், டிரங்குப் பெட்டியிலிருந்த பதக்கங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதில் ஒன்று பஸ்சிமி ஸ்டார். மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது அது; கிழக்கே போனவர்களுக்கு பூர்வி ஸ்டார். எங்கள் வீட்டிலோ, அவர் பங்களாதேஷில் சண்டை போட்டவர் என்றுதான் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

"நான் எப்படா டாக்காவுக்குப் போனேன்?" என்று சிரித்தார். கடிதத்தில், தான் இருக்கும் இடத்தைப் படைவீரர் எழுதக் கூடாது. முகவரி வெறும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண்தான். ரேடியோவில் டாக்கா, டாக்கா என்று கேட்டவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்புறம் பேச்சு தானாக வந்தது. அவர் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் லைன்மேன். போட்டு வைத்த டெலிபோன் ஒயரை நம் டாங்கிகளே ஏறி அறுத்துவிட்டுப் போகுமாம். விளக்கு கூடாது. இருட்டில் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே நடந்து, அறுந்த முனை வந்ததும் மறு முனையைத் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும். சொல்லும்போதே அவர் கட்டைவிரல் எதையோ தடவுவது போல அசைந்தது. வீடியோ எடுத்திருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 16-ஆம் தேதி. மேற்கே சண்டை நின்றது 17-ஆம் தேதி இரவு. இடைப்பட்ட அந்த ஒரு நாளைச் சொல்ல ஆரம்பித்தவர், கூட இருந்த லைன்மேன் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, "அதை அணைச்சிடுடா" என்றார். அணைத்துவிட்டேன்.

பதிவை எழுத்தில் இறக்கி அவரிடமே படிக்கக் கொடுத்தேன். நான் 'சமையல் கூடம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் அடித்து, 'லங்கர்' என்று மாற்றியிருந்தார். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரையும் அடித்திருந்தார். அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை.