மூன்று நாள் வெயில் கிடைத்தால்

வடாம் போடும் யோசனை எனக்கு வந்ததற்கு பிரெஞ்சு வானிலைத் துறைதான் பொறுப்பு. ஜூன் கடைசி வாரம். எங்கள் தொர்தோன் மாவட்டத்துக்கு வெப்ப எச்சரிக்கை, ஆரஞ்சு நிறம். தொடர்ந்து மூன்று நாள் 37, 38 டிகிரி என்றார்கள். தண்ணீர் குடியுங்கள், மதியம் வெளியே போகாதீர்கள், தனியாக இருக்கும் முதியவர்களை எட்டிப் பாருங்கள் என்று ரேடியோவில் மணிக்கு மணி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் அடுப்படியில் ஜவ்வரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பாண்டிச்சேரிக்காரி. தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வழியில் வந்த பாஸ்போர்ட்டோடு முதலில் பாரீஸ் புறநகர், அப்புறம் கணவரின் வேலை மாற்றலில் இந்தக் கிராமம். சுற்றிலும் வால்நட் தோப்பு, நடுவில் ஒரு தேவாலயம், ஒரு மேரி, அதாவது ஊராட்சி அலுவலகம். கடை என்று ஒன்று கிடையாது. வாரத்தில் மூன்று நாள் ரொட்டி வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். அந்தச் சத்தத்துக்கு நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் தண்ணி லாரி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

இங்கே கடும் வெயிலுக்கு 'கனிக்யூல்' என்று பெயர். லத்தீனில் குட்டி நாய் என்று அர்த்தம். சிரியஸ் என்கிற நாய் நட்சத்திரம் சூரியனோடு உதிக்கும் காலம் என்பது ரோமானியர் கணக்கு. நமக்கு அக்னி நட்சத்திரம், இவர்களுக்கு நாய் நட்சத்திரம். கேட்டதும் உறவு கொண்டாடத் தோன்றியது. ஆனால் அளவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு சூடு இருந்தால் கனிக்யூல் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாரீசுக்கு மூன்று நாள் சராசரியில் பகல் 31, இரவு 21. இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "பகல்ல முப்பத்தொண்ணு, ராத்திரி இருபத்தொண்ணா? பொங்கலுக்கு நமக்கு அப்படித்தானடி இருக்கும்" என்றாள்.

இந்தச் சிரிப்பை முதல் வருஷமே பக்கத்து வீட்டு மதாமிடம் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அவருக்கு 84 வயது. நான் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, 2003 ஆகஸ்டைப் பற்றிச் சொன்னார். அந்த ஒரு வெயிலில் நாடு முழுக்கச் சுமார் 15,000 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள். ஆகஸ்ட் என்பதால் ஊர் ஊராக ஜனம் விடுமுறைக்குப் போயிருந்த நேரம். தனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று விரலை மடக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு வெயில் விஷயத்தில் அவர் முன்னால் வாயைத் திறப்பதில்லை.

ஜன்னலையும் திறப்பதில்லை. அதுவும் அவர் போட்ட சட்டம்தான். வெயில் என்றால் எல்லா ஜன்னலையும் திறந்து காற்றோட்டமாக உட்காருவது நம் வழக்கம். அப்படி உட்கார்ந்ததில் எங்கள் வீட்டுக்குள் 33 டிகிரி. அவர் வீட்டுக்குள் 23. இரண்டும் ஒரே காலத்துக் கல் வீடு, ஒரே அறுபது சென்டிமீட்டர் சுவர். காலை ஏழு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, வெளிப்பக்கம் இருக்கும் மரக்கதவையும் இழுத்து மூடிவிட வேண்டும். இரவு பத்துக்கு மேல், வெளியே குளிர்ந்த பிறகு, எல்லாவற்றையும் திறக்க வேண்டும். பகலில் அவர் வீட்டுக்குள் நுழைவது மேட்னி ஷோவுக்கு லேட்டாகப் போன மாதிரி. கண் தெரியாது, காலில் ஏதாவது இடிக்கும். இருட்டிலிருந்து "உட்காருங்கள்" என்று ஒரு குரல் மட்டும் வரும்.

சரி, வடாமுக்கு வருவோம்.

ஜவ்வரிசி இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். பெயர்தான் 'ஜப்பான் முத்து'. மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது, ஜப்பானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ. பெருங்காயம் பாரீஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் வாங்கி வைத்தது, டப்பாவை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியும் அலமாரி முழுக்க மணக்கிறது. ராத்திரி ஊறப்போட்டு, விடிகாலையில் கூழ் காய்ச்சி, பச்சை மிளகாய், உப்பு, சீரகம், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து, தோட்டத்தில் இரண்டு பழைய மேசைகளை இழுத்துப் போட்டு வெள்ளை விரிப்பில் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். எட்டு மணிக்குள் வேலை முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். பாண்டிச்சேரியில் பன்னிரண்டு மணி வெயிலுக்கு வடாம் ஓரம் தூக்க ஆரம்பித்துவிடும். இங்கே பன்னிரண்டுக்குப் போய்த் தொட்டால் விரலில் கூழ். கோடைக்காலத்தில் கடிகாரம் சூரியனை விட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உச்சி வெயிலே இரண்டு மணிக்குத்தான். சூடு தலைக்கேறுவது ஐந்து, ஆறு மணிக்கு. இருட்டுவதற்குப் பத்து மணி தாண்டிவிடும். வடாமுக்கு ஓவர்டைம்.

காக்கைக் காவலுக்கு ஒரு கருப்புக் குடையும் விரித்து வைத்திருந்தேன். பிரெஞ்சுக் காக்கைகள் வேலியில் வந்து உட்கார்ந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோயின. ஒன்றுகூடக் கொத்தவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஏனோ அவமானமாக இருந்தது.

மதாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விரிப்பை வெகுநேரம் பார்த்தார். வரிசை வரிசையாகப் பளபளவென்று ஈர வட்டங்கள். "நத்தை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். நத்தையைத் தின்கிற ஊரில் இது நியாயமான சந்தேகம்தான். சாப்பாடு என்று விளக்கினேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வில் என் குழந்தைகள் மேல் இரக்கம் தெரிந்தது.

காவல் காத்த களைப்பில் வால்நட் மரத்தடியில் சாய்ந்தேன். உடனே மதாமின் அதட்டல். வால்நட் நிழலில் தூங்கினால் உடம்புக்கு ஆகாதாம், குளிர்ச்சி இறங்கிவிடுமாம். ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்காதே என்று என் ஆயா சொன்ன அதே குரல், அதே விரல் ஆட்டல். எழுந்து வெயிலிலேயே உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் மேரியிலிருந்து அவருக்கு போன் வந்தது. 2003-க்குப் பிறகு ஊர் ஊருக்கு முதியவர்கள் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயர் கொடுத்தவர்களை வெயில் காலத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மதாம் போனை எடுத்தது செர்ரி மரத்தில் சாத்தியிருந்த ஏணியின் ஆறாவது படியில் நின்றுகொண்டு. "ஆமாம், வீட்டுக்குள்ளேதான் இருக்கிறேன். தண்ணீரா? குடித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று சொல்லி ஒரு செர்ரிக் கொட்டையைத் துப்பினார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "என் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து கோந்து காயவைக்கிறாள்" என்றார்.

எதிர் வயல்காரரான மிசியேவுக்கும் அன்று இதே கவலைதான், பெரிய அளவில். மாட்டுக்கான புல்லை வெட்டிப் போட்டிருந்தார். வெட்டி, புரட்டி, காயவிட்டு, உருளையாகச் சுருட்ட அவருக்கும் சுமார் மூன்று நாள் காய்ச்சல் வேண்டும். ஈரத்தோடு சுருட்டி அடுக்கினால் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, களஞ்சியமே தீப்பிடிக்கக்கூடும். நனைந்தால் எனக்குக் கூழ்தான், அவருக்குத் தீ. ஆனால் மிசியே நிதானமாக இருந்தார். அவருக்கு மெதார் புனிதர் மேல் நம்பிக்கை. ஜூன் 8, மெதார் திருநாளன்று மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்று இங்கே ஒரு பழமொழி. இந்த வருஷம் 8-ஆம் தேதி ஒரு சொட்டு விழவில்லை. ஆகவே நாற்பது நாளும் பயமில்லை என்று பழமொழியைத் திருப்பிப் போட்டு அவரே ஒரு உத்தரவாதம் தயாரித்துக்கொண்டார். நானும் அதில் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை ஆறு மணி. வாசல் வெப்பமானியில் 38. இலை அசையவில்லை. காலையில் வாங்கிய பகெத் ரொட்டி, துணி மாதிரி தொங்கியது. செல்போனைப் பார்த்தேன். மாவட்டத்தின் ஆரஞ்சு அப்படியேதான் இருந்தது, உள்ளே இருந்த சின்னம் மட்டும் வெப்பமானியிலிருந்து மின்னலாக மாறியிருந்தது. மேற்கே வானம் கத்தரிக்காய் நிறம்.

முதல் காற்றுக்கே குடை வேலியைத் தாண்டியது. இரண்டாவது காற்றுக்கு விரிப்பு பாய்மரமாக எழுந்தது. அதன் மேல் பாதி காய்ந்த இருநூறு வடாம். நான் ஒரு மூலை, கணவர் ஒரு மூலை. "விட்டுடு, வடாம்தானே" என்றார் அவர். பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் இவ்வளவு பெரிய தவறு அவர் செய்ததில்லை. மிசியே கடைசி உருளைகளை டிராக்டரில் குத்திக்கொண்டு களஞ்சியத்துக்குப் பறந்தார். திரும்பும் வழியில் எங்களைப் பார்த்தவர், என்ன ஏது என்று கேட்காமல், "உள்ளே கொண்டுவாருங்கள்!" என்று கத்தினார். மேசையோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். பின்னாலேயே மதாம், ஒரு கையில் என் குடை, இன்னொரு கையில் செர்ரிக் கூடை.

களஞ்சியக் கதவைச் சாத்தவும் ஆலங்கட்டி விழவும் சரியாக இருந்தது. அரை நெல்லிக்காய் அளவு. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நான்கு பேரும் புல் உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்து செர்ரி தின்றோம். மெதாரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் 19 டிகிரி. என் சுரைக்காய்க் கொடி ஓட்டை ஓட்டையாகச் சல்லடை. மதாம் ஸ்வெட்டர் எடுக்க வீட்டுக்குள் போனார்.

மறுநாளும் வெயில் வரவில்லை. வடாமைக் கடைசியில் ஓவனில் 60 டிகிரியில் வைத்துக் காயவைத்தேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பொரித்தபோது லேசாகப் புல் வாசனை வந்தது. பாதியை மிசியேவுக்கும் மதாமுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீன ஹோட்டலில் தரும் இறால் சிப்ஸ் மாதிரி இருக்கிறது, இறாலைப் போட மறந்துவிட்டீர்கள் என்றார் மதாம். மிசியே ஒன்றும் சொல்லவில்லை. தட்டு மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

பத்து நாள் இருக்கும். காலை ஆறரை மணிக்கு போன். மிசியேதான்.

"வியாழன் முதல் சனி வரை காய்ச்சல் என்கிறார்கள். மேல் வயலில் மிச்சமிருக்கும் புல்லை இன்று சாயங்காலம் வெட்டப் போகிறேன். நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?"

கணவரைத் தட்டி எழுப்பி, ஜப்பான் முத்து இரண்டு பாக்கெட் வாங்கிவரச் சொன்னேன்.