எஃப்எஸ்-கேஷுக்கு ஒரு பேக்எண்ட்: இண்டர்ஃபேஸ் எங்கெங்கே இடிக்கிறது

என்எஃப்எஸ், ஏஎஃப்எஸ் போன்ற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டங்களில் சர்வரிலிருந்து படித்ததை லோக்கல் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே கொடுப்பதற்காக லினக்ஸ் கர்னலில் இருப்பது எஃப்எஸ்-கேஷ். ரெட் ஹாட்டின் டேவிட் ஹவெல்ஸ் எழுதி 2009-ல் 2.6.30 கர்னலோடு வந்தது. 2022-ல் 5.17 வந்தபோது உள்ளே ஏறக்குறைய எல்லாவற்றையும் அவரே பெயர்த்துப் புதிதாகக் கட்டினார். மேலே ஃபைல் சிஸ்டம், நடுவில் எஃப்எஸ்-கேஷ், கீழே பேக்எண்ட் என மூன்று அடுக்கு. கர்னலோடு வரும் பேக்எண்ட் கேஷ்ஃபைல்ஸ். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் மாதிரி ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் ஒரு டைரக்டரியை எடுத்துக்கொண்டு, சர்வரின் ஒரு ஃபைலுக்கு ஒரு ஃபைல் என்று அது வைக்கிறது. பிளாக் டிவைஸை நேராக ஆளும் ஒரு பேக்எண்டும் ஆரம்பத்தில் முன்வைக்கப்பட்டது. அது கர்னலுக்குள் வரவில்லை.

சொந்தமாக ஒரு பேக்எண்ட் எழுத உட்கார்ந்தால் ஆபரேஷன் டேபிள் (பேக்எண்ட் எழுதித்தர வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியல்) சின்னதாகத்தான் தெரியும்: வால்யூமை எடு, விடு; குக்கியைத் தேடு, விலக்கு; அளவு மாற்று; இன்வாலிடேட் செய்; ஐஓ தொடங்கு. வால்யூம் என்பது ஒரு தொகுதி ஃபைல்கள், குக்கி என்பது அதற்குள் ஒரு ஃபைலைக் குறிக்கும் பதிவு, இன்வாலிடேட் என்றால் கேஷில் இருப்பது செல்லாது என்று ஒதுக்குவது. ஒரு நாள் வேலை என்று தோன்றும். சிக்கல் அந்தப் பெயர்களில் இல்லை, ஒவ்வொன்றும் எந்தச் சமயத்தில் கூப்பிடப்படும், அப்போது எதற்காகவெல்லாம் காத்திருக்கலாம் என்பதில் இருக்கிறது.

முதல் விதி: பேக்எண்ட் எப்போது வேண்டுமானாலும் ‘முடியாது’ என்று சொல்லலாம். டிஸ்க் நிறைந்துவிட்டது, ஐஓ பிழை, கேஷைக் கவனிக்கும் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) இன்னும் கிளம்பவில்லை, எதுவானாலும் மேலே போக வேண்டியது ஈநோபஃப்ஸ் (‘இடமில்லை’ என்ற பிழைக் குறியீடு) மாதிரி ஒரு மறுப்பு மட்டும். ஃபைல் சிஸ்டம் சர்வரிடம் போய்க்கொள்ளும். கேஷ் டிஸ்க்கில் வந்த ஈஐஓ (ஐஓ பிழைக் குறியீடு), ஃபைலைப் படிக்கும் புரோகிராமின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த டிசைன் தோற்றுவிட்டது. இதிலிருந்தே இன்னொன்றும் பிறக்கிறது. மவுண்ட் முதலில் நடக்கலாம், கேஷ் பிறகு வரலாம்; மவுண்ட் உயிரோடு இருக்கும்போதே கேஷைக் கழற்றவும் செய்யலாம். அதனால்தான் பெயரைப் பதிவுசெய்வதும் ஆபரேஷன் டேபிளைக் கொடுத்து கேஷை இயக்கத்துக்குக் கொண்டுவருவதும் இரண்டு தனிப் படிகள். மவுண்ட் பாதையில் டீமனுக்காகக் காத்திருக்கும் ஒரு வரி இருந்தாலும், பூட் ஆகும்போது மெஷின் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து கீ, அதாவது கேஷில் தேடி எடுப்பதற்கான அடையாளம். வால்யூமுக்கு ஒன்று, அதற்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று. ஏஎஃப்எஸ்ஸில் செல் (சர்வர்களின் குழு) பெயரும் வால்யூம் எண்ணும் முதலாவது. வால்யூமுக்குள் ஃபைலைக் குறிக்கும் விநோட் எண்ணும், அதே எண் மறுபடி பயன்பட்டால் வேறுபடுத்தும் யூனிக்கிஃபையரும் இரண்டாவது. என்எஃப்எஸ்ஸில் சர்வர் ஃபைலுக்குக் கொடுக்கும் அடையாளமான ஃபைல் ஹேண்டில்தான் ஃபைலின் கீ. எம்டைமையோ (ஃபைல் கடைசியாக மாறிய நேரம்) டேட்டா வெர்ஷனையோ கீயில் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்தால் ஃபைல் மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய கேஷ் ஃபைல் ஒன்று அநாதையாக டிஸ்க்கில் தங்கிப்போகும். அதெல்லாம் கோஹெரன்ஸி டேட்டா, கேஷில் இருப்பது இன்னும் செல்லுமா என்று பார்க்க உதவுபவை. எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட்டில் (ஃபைலோடு ஒட்டிவைக்கும் கூடுதல் தகவல்) வைத்து, தேடி எடுத்த பிறகு ஒப்பிட வேண்டியவை.

கீயை ஃபைல் பெயராக்கும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். என்எஃப்எஸ் 4-ன் ஃபைல் ஹேண்டில் 128 பைட் வரை போகலாம். ஹெக்ஸில் எழுதினால் 256 எழுத்து. லினக்ஸில் ஃபைல் பெயருக்கு இடம் 255. ஒரே ஒரு எழுத்தில் மாட்டும். சின்ன ஹேண்டில் தரும் சர்வரில் மட்டும் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. கேஷ்ஃபைல்ஸ், அச்சிடக்கூடிய எழுத்துகளாக இருந்தால் கீயை அப்படியே வைக்கிறது. இல்லாவிட்டால் ஹெக்ஸும் பேஸ்64 மாதிரியான குறியீடும் போட்டுப் பார்த்துச் சுருக்கமானதை எடுத்துக்கொள்கிறது. ஒரே டைரக்டரியில் லட்சக்கணக்கான பெயர்கள் குவியாமலிருக்க வால்யூமுக்குள் 256 துணை டைரக்டரிகளாகப் பிரித்தும் வைக்கிறது.

இரண்டு மவுண்ட்கள் ஒரே வால்யூம் கீயோடு வந்தால் இரண்டாவதற்குக் கேஷ் கிடைக்காது. மவுண்ட் மட்டும் நடந்துவிடும். டிமெசேஜில் (கர்னலின் லாக்) ‘கீ ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். என்எஃப்எஸ்ஸில் கேஷை இயக்கும் எஃப்எஸ்சி மவுண்ட் ஆப்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளச் சொல்லைக் கொடுத்து இரண்டையும் பிரித்துவிடலாம். ‘ஒரு மவுண்டில் கேஷ் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

குக்கியின் வாழ்க்கையில் இரண்டு கட்டங்களைக் குழப்பக்கூடாது. ஐநோட் (ஒரு ஃபைலுக்கான கர்னலின் பதிவு) உருவாகும்போது குக்கியை எடுத்துக்கொள்வது மலிவான வேலை, டிஸ்க்கைத் தொடவே கூடாது. ஃபைலைத் திறக்கும்போதுதான் ‘பயன்படுத்து’ என்று சொல்கிறோம். அப்போது தேடல் ஒர்க்கியூவில் பின்னால் நடக்கும், ஓப்பன் அதற்காகக் காத்திருக்காது. லட்சம் ஐநோட்டுகளை ஒருவர் ஃபைண்ட் கமாண்டால் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார் என்பதற்காக லட்சம் பேக்கிங் ஃபைல்களை (கேஷ் டிஸ்க்கில் டேட்டாவை வைத்திருக்கும் ஃபைல்கள்) திறந்து வைத்திருக்க முடியாது. மூடிய பிறகும் உடனே பேக்கிங் ஃபைலை விடுவதில்லை. குக்கி எல்ஆர்யு (வெகுநேரம் தொடாததை முதலில் விலக்கும்) பட்டியலுக்குப் போய் 10 விநாடி கழித்துத்தான் விலக்கப்படும். கம்பைல் மாதிரி ஒரே ஹெடர் ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடும் வேலைகளில் இந்த 10 விநாடி பெரிய உபகாரம்.

இனி வருவதுதான் எல்லோரும் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம்: ‘இந்த பைட்டுகள் உன்னிடம் இருக்கின்றனவா?’

பழைய கேஷ்ஃபைல்ஸ் பேக்கிங் ஃபைலில் பிமேப் (ஃபைலின் ஒரு பகுதி டிஸ்க்கில் எந்த பிளாக்கில் இருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷன்) கூப்பிட்டுப் பார்க்கும். பிளாக் எண் கிடைத்தால் டேட்டா இருக்கிறது, பூஜ்ஜியம் வந்தால் அது ஓட்டை, சர்வரிடம் போ. எக்ஸ்ட்3 காலத்தில் இது ஓடியது. அடுத்தடுத்த பிளாக்குகளை ஒரே துண்டாகக் குறித்துவைக்கும் எக்ஸ்டெண்ட் முறையில் இயங்கும் ஃபைல் சிஸ்டத்தில் நம்பிக் கை வைக்க முடியாது. ஒரு ஃபைலின் 0–4 கேபியும் 12–16 கேபியும் மட்டும் கேஷில் வந்திருக்கின்றன என்று வையுங்கள். நடுவில் 8 கேபி ஓட்டை. எக்ஸ்டெண்ட் பட்டியலைச் சுருக்குவதற்காக, அந்த நடுப்பகுதியைப் பூஜ்ஜியங்களால் நிரப்பி மூன்றையும் ஒரே எக்ஸ்டெண்டாக்க அடியிலுள்ள ஃபைல் சிஸ்டத்துக்கு முழு உரிமை உண்டு. அதன் பார்வையில் ஓட்டையும் பூஜ்ஜியமும் ஒன்றே. அடுத்த முறை 6-வது கேபியைக் கேட்டால் பிளாக் இருக்கிறது என்று பதில் வரும். புரோகிராமின் கைக்குப் போவது வெறும் பூஜ்ஜியம். லாகில் பிழை எதுவும் இருக்காது. எண்ணிக்கையில் கேஷ் ஹிட் என்றுதான் பதிவாகும். மறுபக்கம், நிஜமாகவே பூஜ்ஜியமாக வந்த டேட்டாவை ஃபைல் சிஸ்டம் ஓட்டையாக்கிவிட்டால் நஷ்டம் ஒரு தடவை கூடுதலாக சர்வரிடம் போவது மட்டுமே. இரண்டு தவறும் ஒரே எடை இல்லை.

5.17-ல் பிமேப் போய், டேட்டா எங்கே, ஓட்டை எங்கே என்று நேராகக் கேட்கும் சீக் டேட்டா, சீக் ஹோல் வந்தன. இண்டர்ஃபேஸ் சுத்தமாகிவிட்டது, ஆனால் கேட்கும் கேள்வி மாறவில்லை: இன்னமும் அடியிலுள்ள ஃபைல் சிஸ்டத்தின் வாக்குமூலத்தைத்தான் நம்புகிறோம். புதிதாக எழுதுபவர் இருப்பு வரைபடத்தை (எந்தத் துண்டு கேஷில் இருக்கிறது என்ற பட்டியல்) தானே வைத்துக்கொள்வதுதான் சரி என்பேன். 256 கேபிக்கு ஒரு பிட் என்று எடுத்தால் 1 ஜிபி ஃபைலுக்கு 4096 பிட், அதாவது 512 பைட். ஒரு எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட்டில் அடங்கிவிடும். எக்ஸ்ட்4-ன் 256 பைட் ஐநோட்டுக்குள் இது நுழையாது, தனி பிளாக் தேவைப்படும். சின்ன ஃபைல்களுக்கு அந்தச் செலவு இல்லை. ஒரு பிட் குறிக்கும் துகள் அளவைப் பெரிதாக்கினால் வரைபடம் சிறுக்கும். பதிலுக்கு 4 கேபி கேட்டவருக்காக 256 கேபி இழுக்க வேண்டிவரும். அதற்காகத்தான் ரீட்அஹெட்டை (முன்கூட்டியே படிக்கும் அளவு) விரிக்கும் ஆபரேஷன் பேக்எண்டுக்குத் தரப்பட்டிருக்கிறது.

வரிசையில் மட்டும் சமரசம் கூடாது. டேட்டா டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பிட்டை ஏற்ற வேண்டும். மாற்றி எழுதி, நடுவில் கரண்ட் போனால், முன்பு சொன்ன அதே பூஜ்ஜியக் கதைதான். லோக்கலில் எழுதப்பட்டு சர்வருக்கு இன்னும் போகாத மாற்றங்களுக்கு கேஷ்ஃபைல்ஸ் அட்ரிபியூட்டில் ‘டர்ட்டி’ என்று குறிக்கிறது. மெஷின் மறுபடி பூட் ஆன பிறகு அந்தக் குறியோடு கண்ணில் பட்டால் ஒப்பீட்டில் தோற்றதாகவே கணக்கு.

ஐஓ பாதையைப் பற்றிச் சுருக்கமாக. பழைய முறை பக்கம் பக்கமாகப் பேக்கிங் ஃபைலின் பேஜ் கேஷ் வழியாகப் படித்தது. ஒரே டேட்டா ரேமில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இப்போது பேஜ் கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்குக்குப் போகும் அசிங்க்ரனஸ் டைரக்ட் ஐஓ. அதன் விலை அலைன்மெண்ட்: முழு பிளாக்குகளாகவே படிக்க, எழுத வேண்டும். 5000 பைட் ஃபைல், 4 கேபி பக்கமுள்ள மெஷினில், கேஷில் 8192 ஆக நிற்கும். நிஜ அளவு அட்ரிபியூட்டில் தனியாக இருக்க வேண்டும். எல்எஸ் காட்டும் அளவைப் பார்த்துப் பதறிக் கேள்வி கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் பேக்எண்ட் சொல்லும் பதில் மூன்றில் ஒன்று: கேஷிலிருந்து படி, சர்வரிலிருந்து இறக்கு, பூஜ்ஜியத்தால் நிரப்பு. கேஷிலிருந்து படிப்பது பாதியில் தடுக்கினால், நெட்வொர்க் ஃபைல் சிஸ்டங்களுக்குப் பொதுவாக 5.13-லிருந்து இருக்கும் நெட்எஃப்எஸ் லைப்ரரி அந்தத் துண்டை மட்டும் சர்வரிடம் திருப்பி அனுப்பிக்கொள்ளும். பேக்எண்ட் அதற்காக எதுவும் சாமர்த்தியம் காட்டத் தேவையில்லை.

மெமரி நெருக்கடியில் வரும் டெட்லாக் வேறு வகை. கேஷுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்தை விடச்சொல்லி மெமரி ரீகிளெய்ம் (ரேமை மீட்கும் கர்னல் வேலை) வந்து நிற்கிறது. எழுதி முடிக்க பேக்கிங் ஃபைல் சிஸ்டத்துக்கு மெமரி வேண்டும். அதுவும் ரீகிளெய்முக்குள்ளேயே போகிறது. அதனால் கேட்பது கேஸ்வாப்டி (இந்த மீட்பைப் பின்னணியில் செய்யும் கர்னல் திரெட்) என்றாலோ, ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்ப நுழைய அனுமதியில்லாத அலொகேஷன் என்றாலோ காத்திருக்காமல் ‘விடமுடியாது’ என்று திரும்பிவிட வேண்டும். 64 ஜிபி ரேமுள்ள மெஷினில் இது தலைகாட்டாது. 1 ஜிபி விஎம்மில் பெரிய காப்பி ஒன்று ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்வாலிடேஷன்: சர்வரில் வேறொருவர் ஃபைலை மாற்றிவிட்டார், கையிலிருப்பதைத் தூக்கியெறிய வேண்டும். பேக்கிங் ஃபைலை ட்ரங்கேட் செய்தால் (வெட்டிக் காலியாக்கினால்) போதும் என்று நினைக்கத் தோன்றும். அந்த நேரத்தில் பழைய டேட்டாவைச் சுமந்துகொண்டு பாதி வழியில் இருக்கும் ரைட்கள்? அவை புது ஃபைலுக்குள் வந்து விழும். இதற்கு இரண்டு தடுப்பு வேண்டும். ஒன்று, ட்ரங்கேட் செய்யாமல் பெயரில்லாத டெம்ப் ஃபைல் ஒன்றைத் திறந்து அதற்கு மாறிக்கொள்வது. பழைய ரைட்கள் பழைய ஃபைலோடு போய்விடும், புதியதைப் பிறகு பெயரிட்டு இணைக்கலாம். நடுவில் கிராஷ் ஆனால் பெயரில்லாதது தானாக மறைந்துவிடும். இதனால்தான் டெம்ப் ஃபைல் ஆதரவில்லாத ஃபைல் சிஸ்டத்தை கேஷ்ஃபைல்ஸ் ஏற்பதில்லை. இரண்டாவது, குக்கியில் ஒரு இன்வாலிடேஷன் கவுண்டர். ஐஓ கிளம்பும்போது எண்ணைக் குறித்துக்கொண்டு, மாறியிருந்தால் கேஷ் பக்கம் போகாமல் விட்டுவிட வேண்டும். டைரக்ட் ஐஓவில் எழுத ஃபைலைத் திறந்தவர் இருந்தால், பயன்படுத்துவோர் எல்லோரும் மூடும்வரை அந்தக் குக்கிக்குக் கேஷ் வேண்டாம் என்று தனிக்கொடியே இருக்கிறது.

இடத்தைக் காலிசெய்வதைக் கர்னலுக்குள் செய்யாமல் கேஷ்ஃபைல்ஸ்டி என்ற டீமனிடம் விட்டது நல்ல முடிவு. அக்சஸ் டைம் பார்த்துப் பழையதைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை. அந்த ஃபைல் பயன்பாட்டில் இல்லை என்று உறுதிசெய்து விலக்குவது கர்னலின் வேலை. வழக்கமான எல்லைகள்: காலி இடம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் கழித்தல் தொடங்கும், 10-க்கு ஏறினால் நிற்கும், 3-க்குக் கீழே புதிதாக எதுவும் வைக்கப்படாது. பிளாக்குக்கும் ஐநோட்டுக்கும் இவை தனித்தனி. சோர்ஸ் கோட் மரம் மாதிரி குட்டி ஃபைல்கள் நிறைந்த இடத்தில் ஐநோட்தான் முதலில் தீரும். டிஸ்க்கில் பாதி காலியாக இருக்க கேஷ் ஏன் நின்றது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்தச் சோதனை ஒவ்வொரு ரைட்டுக்கும் முன்னால் நடக்க வேண்டும்.

கழற்றுவதில் வரிசை முக்கியம்: முதலில் கேஷைப் ‘புதிதாக யாரும் உள்ளே வராதே’ என்ற நிலைக்கு மாற்று, பிறகு நடப்பிலுள்ள ஐஓக்கள் முடியும்வரை காத்திரு, பிறகு குக்கிகளை விலக்கு, அதன்பின் வால்யூம்கள், கடைசியில் டைரக்டரி. கேஷ், வால்யூம், குக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு அக்சஸ் கவுண்ட் உண்டு. ஏதோ ஒரு பிழைப் பாதையில் ஐஓவை முடித்ததாகச் சொல்லாமல் திரும்பினால் கவுண்ட் பூஜ்ஜியத்துக்கு வராது, கழற்றல் அப்படியே தொங்கும். புரோக்கில் (கர்னல் தன் நிலையைக் காட்டும் டைரக்டரி) எஃப்எஸ்-கேஷ் டைரக்டரியின் குக்கிஸ் ஃபைலைப் பார்த்தால் எந்தக் குக்கி என்று அகப்பட்டுவிடும்.

சோதிக்க பூஜ்ஜியமே இல்லாத பேட்டர்னால் ஒரு பெரிய ஃபைலை சர்வரில் உருவாக்குங்கள். கிளையண்டில் அங்கங்கே 4 கேபி வீதம் தாறுமாறாகப் படித்து, டிராப் கேஷஸ் கொடுத்து (ரேமிலுள்ள கேஷைக் காலிசெய்து), முழுதும் படித்து செக்சம் ஒப்பிடுங்கள். இதையே கேஷ் டிஸ்க் 3 சதவீத எல்லையைத் தொட்டிருக்கும்போதும், படித்துக்கொண்டிருக்கையில் டீமனைக் கொன்றும், சர்வரில் வேறொரு கிளையண்ட் அதே ஃபைலை மாற்றிக்கொண்டிருக்கும்போதும் ஓட்டுங்கள். அந்தக் கடைசிச் சோதனைக்கு மட்டும், முழுதும் படிப்பதற்கு முன் எழுத்தை நிறுத்திவிட்டு, ஃபைலை மூடித் திறந்து சர்வரின் செக்சத்தோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்ட்4-ல் ஒரு சுற்று, எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஒரு சுற்று. ஃபைல் சிஸ்டம் சோதனைத் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸிலுள்ள, தாறுமாறாகப் படித்தெழுதிச் சரிபார்க்கும் எஃப்எஸ்எக்ஸையும் என்எஃப்எஸ் மவுண்டின் மேல் ஓடவிடலாம். ஆனால் என்எஃப்எஸ் எழுதத் திறந்த ஃபைலுக்குக் கேஷை நிறுத்திவிடுவதால், எழுதும் பாதையைச் சோதிக்க ஏஎஃப்எஸ் மவுண்ட் தேவைப்படும்.